பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி: எது வேகமாகும், எது ஆகாது, எப்படி அளந்து பார்ப்பது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டு உபயோகத்துக்குப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. இந்த அறிவிப்புக்குப் பிறகு, பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் சில்லு வகைச் சேமிப்பு டிரைவ்) போட்டால் விண்டோஸ் 11 ஏறுமா? ரேம் கூட்டுவது முதலிலா, எஸ்எஸ்டி முதலிலா? ஒரு பெட்டியில் விநாடிக்கு 550 எம்பி என்றும் இன்னொன்றில் 3,500 என்றும் வேகம் போட்டிருக்கிறதே, பெரிய எண்ணுக்குப் பணம் கொடுத்தால்தான் பலனா?

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது: எஸ்எஸ்டி போட்டதால் மட்டும் ஏறாது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் வசதி), மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசசர் ஆகியவை. இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. டிரைவைப் பொறுத்தவரை அது கேட்பதெல்லாம் 64 ஜிபி இடம் மட்டுமே. அது ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று பார்ப்பதில்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் சில ஆண்டு மெஷின்கள் மதுரைச் சுற்றுவட்டாரத்து வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் (இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய இலவச இயங்குதளம்) சேர்ந்தே வந்தது. அத்தகைய மெஷினுக்கு எஸ்எஸ்டியும், இன்றைக்கு அப்டேட் வரும் ஒரு லேசான லினக்ஸும் போடுவதுதான் சரியான வழி. "எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 11 ஏத்தித் தர்றோம்" என்று யாராவது சொன்னால், சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஏற்றப் போகிறார்கள் என்று பொருள். பெரிய அப்டேட் வரும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

மற்ற இரண்டு கேள்விகளுக்கு, மெதுவாக ஓடுவது எதனால் என்று முதலில் பார்க்க வேண்டும்.

தாமதம் எங்கே இருக்கிறது

லேப்டாப் ஆன் ஆனதும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைப் பாருங்கள்.

1. டிஸ்க் 100 சதவீதம், ஆனால் படிக்கும் வேகம் விநாடிக்கு 1 அல்லது 2 எம்பிதான் என்றால் ஹார்டு டிஸ்க்தான் முட்டுக்கட்டை. எஸ்எஸ்டி போட்டால் நேரடிப் பலன் தெரியும்.
2. மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது, டிஸ்க்கும் ஓயாமல் ஓடுகிறது என்றால் ரேம் போதவில்லை. விண்டோஸ் டிஸ்க்கையே ரேம் போலப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. எஸ்எஸ்டி இந்த வலியைக் குறைக்கும், தீர்க்காது. 4 ஜிபி மெஷினில் இரண்டும் சேர்த்துச் செய்தால்தான் திருப்தி.
3. டிஸ்க்கும் மெமரியும் சும்மா இருக்க, சிபியு மட்டும் 100 சதவீதம் என்றால் எஸ்எஸ்டிக்குச் செலவழிக்கும் பணம் வீண்.

முதல் வரியில் ஒரு முரண் இருப்பது போலத் தோன்றும். 100 எம்பி வேகம் தரக்கூடிய ஹார்டு டிஸ்க், 1 எம்பி கொடுத்துக்கொண்டே 'முழு மூச்சாக ஓடுகிறேன்' என்று எப்படிச் சொல்கிறது? விஷயத்தின் மையமே இதில்தான் இருக்கிறது.

லேப்டாப் ஹார்டு டிஸ்க்கில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழல்பவை. அதாவது விநாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிவிநாடி. வேண்டிய தகவல் படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச்சுற்று, 5.6 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்குச் சுமார் 12 மில்லிவிநாடி. ஆக, சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு சிறு துண்டுக்கும் 17, 18 மில்லிவிநாடி. விநாடிக்கு 55 முதல் 60 துண்டுக்கு மேல் எடுக்கவே முடியாது. ஒரு துண்டு 4 கேபி என்றால், 60 துண்டுக்கு 240 கேபி. ஒரு எம்பியில் கால் பங்கு.

விண்டோஸ் எழுவதும், பிரவுசர் திறப்பதும், ஆன்டிவைரஸ் தேடுவதும் எல்லாமே இப்படி ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைக் கேட்கும் வேலைகள். மதுரை மாசி வீதிகளில் கடைக்குக் கடை நின்று ஒவ்வொரு பெட்டியாக இறக்கும் லோடு வண்டிக்கு, நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகம் போக முடியும் என்பதால் என்ன லாபம்? நேரமெல்லாம் நிற்பதிலும் கிளம்புவதிலும் போய்விடுகிறது.

எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கின் அதே இணைப்பில் ஓடுவது) ஒரு 4 கேபி துண்டைச் சுமார் 0.1 மில்லிவிநாடியில் எடுத்துத் தரும்: விநாடிக்கு 10,000 துண்டு, அதாவது 40 எம்பி. ஹார்டு டிஸ்க்கின் கால் எம்பியோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் மேல். விலை கூடிய என்விஎம்இ எஸ்எஸ்டி (அதைவிட வேகமான புதிய இணைப்பில் ஓடுவது) இதே வேலையில் 60, 70 எம்பி தரும். பெட்டி மேல் போட்டிருக்கும் 550-க்கும் 3,500-க்கும் இடையே ஆறு மடங்கு இருக்கலாம். ஆனால் நாள் முழுக்க நாம் உணரும் வேலையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லை. பெரிய பாய்ச்சல் முழுதும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஏதோ ஒரு நல்ல எஸ்எஸ்டிக்கு மாறும்போதே கிடைத்துவிடுகிறது. கல்யாண வீடியோ எடிட் செய்பவர், 50 ஜிபி கோப்புகளை அடிக்கடி நகர்த்துபவர் இவர்களுக்குத்தான் 3,500 என்ற எண் காசாகும்.

எது பொருந்தும்

லேப்டாப்பின் கீழ்மூடியைத் திறக்காமலே மாடல் எண்ணை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவல் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

1. 2.5 அங்குல சாட்டா: பழைய ஹார்டு டிஸ்க் இருந்த அதே இடத்தில் உட்காரும். எஸ்எஸ்டி 7 மிமீ தடிமன். பழைய ஹார்டு டிஸ்க் 9.5 மிமீ ஆக இருந்தால் 2.5 மிமீ சட்டம் ஒன்றை ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஆடி, கனெக்டர் தளரும்.
2. எம்.2 வடிவம்: 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். 2242, 2230 என்ற குட்டை வகைகளும் உண்டு. இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். அதே வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். சாட்டா வகைக்குச் செருகும் முனையில் பொதுவாக இரண்டு வெட்டு, என்விஎம்இக்கு பெரும்பாலும் ஒன்று. சாட்டா மட்டும் ஏற்கும் இடத்தில் என்விஎம்இயைச் செருகினால் பல நேரம் உட்காரும். ஆனால் பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அதைக் காணவே காணாது. 2டிபிக்கு மேல் போனால் சில டிரைவ்களில் இருபுறமும் சில்லு இருக்கும். மெல்லிய லேப்டாப்பில் மூடி மூடாது.
3. இஎம்எம்சி: விலை மலிந்த மெல்லிய லேப்டாப்களில் 32 அல்லது 64 ஜிபி மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். மாற்ற முடியாது.

டிவிடி டிரைவ் உள்ள மெஷினில் இன்னொரு வழியும் இருக்கிறது. டிவிடியைக் கழற்றி அந்த இடத்தில் கேடி (டிஸ்க்கை வைக்கும் சட்டம்) போட்டு, பழைய ஹார்டு டிஸ்க்கை அதில் வைத்துக்கொள்ளலாம். கேடி 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரு அளவில் வரும், அளந்துவிட்டு வாங்குங்கள். எஸ்எஸ்டி ஹார்டு டிஸ்க் இருந்த முதல் இடத்திலும் ஹார்டு டிஸ்க் கேடியிலும் என்பதே முறை. டிவிடி இணைப்பு பல பழைய போர்டுகளில் பாதி வேகம்தான்.

கடையில் கேட்க வேண்டியது

டிஎல்சியா, க்யூஎல்சியா என்று கேளுங்கள். ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் வைப்பது க்யூஎல்சி. இரண்டுமே ஒரு பகுதியைத் தற்காலிகமாக ஒரு பிட் முறையில் வேகமாக எழுதிக்கொண்டு, பிறகு சாவகாசமாக அடுக்கிக்கொள்ளும். அந்தத் தற்காலிக இடம் நிரம்பியதும் உண்மை முகம் வெளியே வரும். சாம்சங் 870 க்யூவிஓ 1டிபி மாடலுக்கு அந்த நிறுவனமே கொடுத்திருக்கும் கணக்கு: தற்காலிக இடம் 42 ஜிபி, அதைத் தாண்டினால் எழுதும் வேகம் விநாடிக்கு 80 எம்பி. ஹார்டு டிஸ்க் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பில் போடவும் பாடம் படிக்கவும் இது ஒரு பொருட்டே இல்லை. ஸ்டுடியோக்காரருக்குப் பொருட்டு.

ஆயுள் பற்றிய பயம் தேவைக்கு மேல் இருக்கிறது. 300 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் உள்ள 500 ஜிபி எஸ்எஸ்டியில் தினம் 20 ஜிபி எழுதினாலும் 15,000 நாள் வரும், அதாவது 41 ஆண்டு. அதற்கு முன் லேப்டாப்பின் கீல் உடைந்துவிடும்.

விலை ஏன் திடீரென ஏறியது என்பதற்கும் காரணம் உண்டு. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரிச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி இரண்டுக்கும் நெருக்கடி. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் தன் குரூஷியல் பெயரிலான சில்லறை வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. இந்த நேரத்தில் போலிகள் பெருகும். சில நூறு ரூபாய்க்கு '2டிபி எஸ்எஸ்டி' என்று விற்கப்படுவதற்குள் பெரும்பாலும் ஒரு சிறு மெமரி கார்டுதான் இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழு இடத்தையும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும், லினக்ஸில் எஃப்3.

கழற்றும் முன்

பழைய டிஸ்க்கின் உடல்நிலையை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளின் மூல எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். சி5 படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி5-இல் எண் ஏறிக்கொண்டே போனால் குளோன் (டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடுப்பது) பேச்சையே எடுக்காதீர்கள். முக்கியக் கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள். முழு டிஸ்க்கும் வேண்டுமென்றால் டிடிரெஸ்கியூ போல, கெட்ட இடத்தைத் தாண்டிப் போய்ப் பிறகு திரும்பி வரும் கருவி தேவை.

நகல் எடுக்கும்போது 'டாக்குமென்ட்ஸ்', 'பிக்சர்ஸ்' இரண்டோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கமான தவறு. மறந்துபோகும் இடங்கள் இவை:

1. டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளின் தகவல், வேறிடம் மாற்றியிருக்காவிட்டால், சி டிரைவில் 'யூசர்ஸ்', அதற்குள் 'பப்ளிக்', அதற்குள் 'டேலிபிரைம்', அதற்குள் 'டேட்டா' என்ற ஃபோல்டரில் இருக்கும்.
2. பாமினி, வானவில் ஔவையார் போன்ற பழைய தமிழ் எழுத்துருக்கள் 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். டிடிபி கடையிலும் பத்திரம் எழுதுமிடத்திலும் இவற்றை விட்டுவிட்டுப் புது விண்டோஸ் போட்டால், பழைய கோப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும்.
3. பிட்லாக்கர் (டிரைவையே பூட்டும் விண்டோஸ் வசதி) பூட்டு இருந்தால் அதன் 48 இலக்கச் சாவி பொதுவாக மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை எழுதி வைத்துக்கொண்டு, குளோன் செய்வதற்கு முன் பூட்டை நீக்கிவிடுங்கள்.

கடைசியாக, பழைய டிஸ்க்கின் வேகத்தை இப்போதே அளந்து ஒரு படம் எடுத்து வையுங்கள். எப்படி அளப்பது என்பது கீழே. முன் எண் இல்லாமல் பின் எண்ணுக்கு மதிப்பில்லை.

குளோனா, புதிதாகவா

பத்து வருட விண்டோஸில் சேர்ந்த குப்பை குளோனோடு சேர்ந்தே வரும். புதிதாகப் போடுவது நல்லது; லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது என்பதால் டிரைவ் மாற்றினாலும் தானாகவே திரும்ப வரும். திரும்ப நிறுவ முடியாத பழைய சாஃப்ட்வேர் இருந்தால் மட்டும் குளோன். அதற்கு யூஎஸ்பி-சாட்டா கேபிள் ஒன்றும் குளோன்ஸில்லா போன்ற இலவசக் கருவியும் போதும். குளோன்ஸில்லா பொதுவாகப் புதிய டிரைவ் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். 500 ஜிபியில் இருப்பது 90 ஜிபிதான், 256-இல் அடங்கும் என்று வாங்கிவிட்டால், முதலில் பார்டிஷனை (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியை) சுருக்கும் வேலை ஒன்று கூடுதலாக வந்து சேரும்.

பழைய லேப்டாப்பில் யூஎஸ்பி 2.0 மட்டும் இருந்தால் விநாடிக்கு 35 எம்பிதான் நகரும். 300 ஜிபிக்கு இரண்டரை மணி நேரம் பக்கம் ஆகும். பேட்டரி செத்த மெஷினில் இதற்கிடையே கரண்ட் போனால் என்ன ஆகும்? குளோனில் பழைய டிஸ்க் படிக்கப்படுகிறதே ஒழிய எழுதப்படுவதில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் போதும். ஆபத்தெல்லாம் பழைய டிஸ்க்கிலேயே பார்டிஷன் சுருக்கும்போதும், பயாஸ் அப்டேட் செய்யும்போதும்தான். அவற்றை யூபிஎஸ் உள்ள இடத்தில் செய்யுங்கள்.

மாட்டும் வரிசை

1. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் அணையும்.
2. சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றுங்கள். பேட்டரி உள்ளே இருந்தால், மூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் கனெக்டரை எடுப்பது.
3. ஸ்குரூக்களை அவை இருந்த இடம் மாதிரியே ஒரு தாளில் குத்தி வையுங்கள். நீளமான ஸ்குரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் டச்பேடுக்குப் பக்கத்தில் மேல்புறம் புடைத்துக்கொள்ளும். ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்குரூ ஒளிந்திருக்கும். மூடி வரவில்லை என்றால் பலம் காட்டாமல் அங்கே தேடுங்கள். பிரிக்கக் காலாவதியான ஏடிஎம் கார்டு போதும்.
4. ஹார்டு டிஸ்க்கின் இரும்புச் சட்டத்தைக் கழற்றிப் புதியதில் மாட்டி, கனெக்டரை நேராகத் தள்ளுங்கள். எம்.2 என்றால் சுமார் 30 டிகிரி சாய்வில் செருகி, கீழே அழுத்தி, ஒற்றை ஸ்குரூவைப் போடுங்கள்.
5. முதல் முறை ஆன் செய்யும்போது, குளோன் செய்த பழைய டிஸ்க்கும் சேர்ந்து இணைந்திருக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும்.

பயாஸில் சாட்டா முறை 'ஏஎச்சிஐ' என்று இருக்கட்டும். ஆனால் குளோன் செய்த விண்டோஸ் வேறு முறையில் நிறுவப்பட்டிருந்து, இங்கே திடீரென மாற்றினால் நீலத் திரைதான் வரும். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் மெஷின்களில், விண்டோஸ் நிறுவும்போது டிரைவே தெரியாமல் போவது உண்டு. டிரைவ் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். விஎம்டி என்ற அமைப்புக்கான இன்டெல் டிரைவரை பென்டிரைவிலிருந்து கொடுக்க வேண்டும் அல்லது பயாஸில் விஎம்டியை அணைக்க வேண்டும்.

அளந்து பார்ப்பது

கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற வேகம் அளக்கும் இலவச மென்பொருள் போதும். சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும். பேட்டரியில் ஓடினால் எண் குறையும். விண்டோஸ் அப்டேட் முடியும் வரை பொறுங்கள். 1 ஜிபி கோப்பு, 5 முறை என்ற அதன் இயல்பு அமைப்பே முதல் சோதனைக்குச் சரி.

நான்கு வரி வரும். எல்லோரும் படம் எடுத்து அனுப்புவது மேல் வரியை. பார்க்க வேண்டியது கடைசி வரியை. 4 கேபி துண்டு, ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கை என்ற வரி அது. ஹார்டு டிஸ்க் அதில் 0.3 முதல் 0.6 எம்பி காட்டும். நம் கணக்கில் கால் எம்பிதானே வந்தது என்று கேட்கலாம்: சோதனைக் கோப்பு 1 ஜிபிக்குள் அடங்கி ஒரே பகுதியில் இருப்பதால், தலை அதிக தூரம் நகர வேண்டியதில்லை. நிஜ வாழ்க்கையில் இதைவிட மோசம். சாட்டா எஸ்எஸ்டி இதே வரியில் படிக்க 25 முதல் 40 எம்பி காட்ட வேண்டும்.

எண் எதிர்பார்த்தபடி வராவிட்டால்:

1. மேல் வரி 270, 280-லேயே நிற்கிறது: டிரைவில் குறையில்லை. போர்டின் இணைப்பு 3 ஜிகாபிட் வகை, அதன் உச்சமே அவ்வளவுதான். கடைசி வரி நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். திருப்பிக் கொடுத்து வேறு டிரைவ் வாங்கினாலும் இதேதான் வரும்.
2. வேகம் ஏறி இறங்குகிறது, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி7 எண் கூடுகிறது: கனெக்டரோ பட்டை கேபிளோ சரியில்லை. கழற்றி மாட்டுங்கள், கேபிளை மாற்றுங்கள்.
3. கடைசி வரி மட்டும் மிகக் குறைவு: பார்டிஷன் தொடக்கத்தைப் பாருங்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் தெரியும் தொடக்க எண் 4,096-ஆல் மீதமின்றி வகுபட வேண்டும். 10,48,576 என்றால் சரி. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பார்டிஷனைக் குளோன் செய்தால் இது இடறும்.
4. முதலில் நன்றாக இருந்து மாதங்கள் கழித்து மந்தம்: 10, 15 சதவீதமாவது காலியாக இருக்கிறதா, டிரிம் (அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குச் சொல்லிக் காலி செய்ய வைக்கும் வசதி) வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

எழுதும் வேகத்தை 1 ஜிபி சோதனை காட்டவே காட்டாது. அது முழுதும் தற்காலிக இடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். 50 ஜிபிக்குக் குறையாத கோப்பு ஒன்றை நகலெடுத்து, வேக வரைபடம் எந்த இடத்தில் சரிகிறது என்று பாருங்கள்.

வெயிலும் பழைய டிஸ்க்கும்

சாட்டா எஸ்எஸ்டிகள் வழக்கமாக 70 டிகிரி வரை வேலை செய்யக் கூடியவை, அதிகம் சூடாகாது. என்விஎம்இ சூடாகும், எல்லை தாண்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதத்து மதுரையில், 40 டிகிரி அறையில், மெத்தை மேல் வைத்த லேப்டாப்பில் அளந்துவிட்டு டிரைவைக் குறை சொல்லக் கூடாது.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது. மின்சாரம் இல்லாமல் கிடக்கும் எஸ்எஸ்டி, தகவலை என்றென்றும் வைத்திருக்காது. எழுதும் ஆயுள் முடிந்த நிலையிலும் 30 டிகிரியில் ஓராண்டு தாங்க வேண்டும் என்பது ஜெடெக் என்ற மெமரித் துறை அமைப்பின் தரநிலை. சூடு கூடினால் அந்தக் காலம் சுருங்கும். புது டிரைவுக்கு இது கவலையே இல்லை. ஆனால் தேய்ந்த எஸ்எஸ்டியில் குடும்பப் படங்களை ஏற்றி, ஓட்டுக்கூரைக்கு அடியில் பீரோவில் வருடக்கணக்கில் போட்டுவைக்க வேண்டாம். அழிந்த கோப்பை மீட்பதும் எஸ்எஸ்டியில் கடினம், டிரிம் அந்த இடத்தையே துடைத்துவிடும்.

அதனால், கழற்றிய ஹார்டு டிஸ்க்கின் 05, சி5, சி6 பூஜ்யமாக இருந்தால், யூஎஸ்பி கேஸில் போட்டு நகல் எடுக்க வைத்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பி 3.0 துளையிலேயே செருகுங்கள், 2.0 தரும் 500 மில்லிஆம்பியர் சில டிஸ்க்குகள் சுழலத் தொடங்கவே போதாது, டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும். விற்பதாக இருந்தால் 'குயிக் ஃபார்மட்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதுகிறது. 500 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் வரை ஆகும்.